பழைய செயலிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: 8085 முதல் ரிஸ்க்-வி வரை

பெங்களூரில் சிப் வடிவமைப்பிலும் அதன் சரிபார்ப்பிலும் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள் சிலருக்கு, அல்சூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கணினிக் கட்டமைப்பு பற்றி வகுப்பு எடுத்து வருகிறேன். ஒயிட்ஃபீல்டிலிருந்து வருபவரும் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வருபவரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கொண்டுவருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். ஓரிடத்தில் விளக்கியதை மறுபடி எழுதாமல் அந்தப் பதிலைச் சுட்டியிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

சார், ஆர்க்கிடெக்சர்னா என்ன? சிப்புக்குள்ள இருக்கிற சர்க்யூட்டும் அதுவும் ஒண்ணுதானா?

இரண்டும் ஒன்றல்ல. எத்தனை ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) உள்ளன, எந்தக் கட்டளை என்ன செய்யும், நினைவகத்தின் முகவரி எப்படிக் கணக்கிடப்படும், இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறிக்கும் சமிக்ஞை) வந்தால் என்ன நடக்கும் என்று நிரல் எழுதுபவருக்குத் தெரிய வேண்டியவை அனைத்தும் சேர்ந்ததே கட்டமைப்பு. அந்த வாக்குறுதியைச் சிலிக்கானில் எப்படி நிறைவேற்றுகிறார்கள் என்பது வேறு. 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசைதான் இந்தப் பிரிவினையை வணிக அளவில் நிலைநாட்டியது. விலையிலும் வேகத்திலும் வெகுவாக வேறுபட்ட பல மாடல்களில் ஒரே நிரல் ஓடியது.

இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பழைய செயலிகளைப் பற்றிய வாதங்களில் பாதி, கட்டமைப்பின் குறையையும் அந்த ஒரு சிப்பின் குறையையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

8085, இசட்80, 6502, 8086. இதுல எது பெஸ்ட்னு ஒரே வரியில சொல்லுங்களேன்.

ஒரே வரியில் சொல்ல முடியாது. எதற்கு, எந்த ஆண்டில், என்ன விலையில் என்று கேட்டால் சொல்லலாம். 1970-களின் வடிவமைப்பாளர் முன்னால் நான்கு கட்டுப்பாடுகள் நின்றன: சிப்பில் வைக்கக்கூடிய டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை, பொதியுறையின் கால்களின் (வெளி இணைப்பு முனைகளின்) எண்ணிக்கை, நினைவகத்தின் விலை, நினைவகத்தின் வேகம். இந்த நான்கு செயலிகளும் 40 கால் பொதியுறையில்தான் வந்தன. 6502-இல் ஏறத்தாழ 4,500 டிரான்சிஸ்டர்கள், 8085-இல் 6,500, இசட்80-இல் சுமார் 8,500, 8086-இல் 29,000. எந்தக் கட்டளையைச் சேர்ப்பது என்ற கேள்வியைவிட, எதை வெட்டி எறிவது என்ற கேள்வியே அன்று பெரிதாக இருந்தது.

ஆகவே ஒரு செயலியில் விசித்திரமாக எதையாவது கண்டால், அது அந்த நான்கில் எந்த நெருக்கடிக்கான விடை என்று முதலில் தேடுங்கள். கீழே வரும் பெரும்பாலான பதில்கள் அந்தத் தேடல்தான்.

6502 வெறும் 1 மெகாஹெர்ட்ஸ், 8085 3 மெகாஹெர்ட்ஸ். அப்புறம் எப்படி ரெண்டும் ஒரே ரேஞ்சுன்னு சொல்றீங்க?

கடிகார வேகத்தை மட்டும் பார்ப்பதால் வரும் மயக்கம் இது. 6502 ஒவ்வொரு கடிகாரச் சுற்றிலும் ஒரு முறை நினைவகத்தை அணுகுகிறது. 8085-க்கு நினைவகத்திலிருந்து ஒரு பைட்டைப் படிக்க மூன்று சுற்றுகளும், கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவர நான்கு சுற்றுகளும் தேவை. அதாவது இரண்டும் ஏறக்குறைய ஒரு மைக்ரோ நொடிக்கு ஒரு முறைதான் நினைவகத்தின் கதவைத் தட்டுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு முகவரி கொடுத்து ஒரு பைட்டை அக்குமுலேட்டருக்கு (கணக்கின் விடை தங்கும் ரெஜிஸ்டருக்கு) கொண்டுவர 6502-க்கு 4 சுற்றுகள், அதாவது 4 மைக்ரோ நொடி. அதே வேலைக்கு 8085-இன் எல்.டி.ஏ. கட்டளை 13 சுற்றுகள் எடுக்கும். 3 மெகாஹெர்ட்ஸில் அது 4.33 மைக்ரோ நொடி. கட்டளையோடு வரும் ஓர் எண்ணைக் கூட்டுவதற்கு முறையே 2, 2.33 மைக்ரோ நொடி. இதுவரை 6502-இன் கை சற்று ஓங்கியிருக்கிறது.

இப்போது இரண்டு 16 பிட் எண்களைக் கூட்டச் சொல்லுங்கள். எண்கள் ஏற்கெனவே பி.சி., எச்.எல். ரெஜிஸ்டர் ஜோடிகளில் இருந்தால், 8085 'டாட்' என்னும் ஒரே கட்டளையில் 10 சுற்றுகளில், 3.33 மைக்ரோ நொடியில் முடித்துவிடும். 6502-இல் கேரி கொடியை (கூட்டலில் மிஞ்சும் ஒன்றைக் குறித்துவைக்கும் பிட்டை) அழித்து, கீழ் பைட்டை எடுத்து, கூட்டி, சேமித்து, பிறகு மேல் பைட்டுக்கும் அதையே செய்ய வேண்டும். தரவு ஜீரோ பேஜில் (அடுத்த பதிலில் விளக்கியிருக்கிறேன்) இருந்தால்கூட 20 மைக்ரோ நொடி ஆகும். ஆக, எந்த நிரலை வைத்து அளக்கிறீர்கள் என்பதே வெற்றியாளரைத் தீர்மானிக்கிறது. விளம்பரங்களில் வரும் ஒப்பீடுகளை நான் நம்பாததற்கும் இதுவே காரணம்.

6502-ல ஏ, எக்ஸ், ஒய்னு மூணு ரெஜிஸ்டர்தான். இதை வெச்சு என்னதான் செய்ய முடியும்?

நினைவகத்தின் முதல் 256 பைட்டுகளையும் ரெஜிஸ்டர்களாக நினைத்துக்கொண்டால் செய்ய முடியும். அந்தப் பகுதிதான் ஜீரோ பேஜ். அதை அணுகும் கட்டளைகளுக்கு ஒரு பைட் முகவரி போதும். ஆகவே ஒரு பைட்டும் ஒரு சுற்றும் மிச்சமாகும். அடுத்தடுத்த இரண்டு ஜீரோ பேஜ் பைட்டுகளை ஒரு 16 பிட் சுட்டியாகவும் (இன்னோர் இடத்தின் முகவரியாகவும்) பயன்படுத்தலாம். நினைவகமும் செயலியும் ஒரே வேகத்தில் நடந்த காலத்தில், ரெஜிஸ்டர்களைச் சிப்புக்கு வெளியே வைத்ததால் பெரிய நஷ்டம் ஏற்படவில்லை. ஸ்டாக்குக்கும் (அழைப்புகளின்போது திரும்ப வேண்டிய முகவரிகளை அடுக்கிவைக்கும் இடத்துக்கும்) 256 பைட்டுகள்தான் என்பது இதைவிடக் கடுமையான குறை. சி மொழி நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்கு 6502 பிடிக்காமல் போனதற்கு அது முக்கியக் காரணம்.

இத்தனை சிக்கனமும் விலைக்காக. மோட்டரோலாவை விட்டு வெளியேறிய சக் பெடலும் அவருடைய குழுவினரும் மாஸ் டெக்னாலஜியில் 1975-இல் இதை 25 டாலருக்கு விற்றார்கள். மற்ற செயலிகள் அப்போது நூறு டாலருக்கு மேல். ஆப்பிள் II, பிபிசி மைக்ரோ ஆகியவற்றுக்குள் இருந்தது இதுவே. 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் மூலம் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தவையும் பிபிசி மைக்ரோ கணினிகள்தான். ஐம்பதை நெருங்கும் தமிழர்கள் சிலர் தங்களுக்கே தெரியாமல் 6502-இல்தான் பேசிக் மொழியைக் கற்றிருப்பார்கள்.

இசட்80-தான் 8085-ஐ விட நல்லதுன்னா, காலேஜ்ல ஏன் இன்னும் 8085-ஐயே கட்டிக்கிட்டு அழறாங்க?

இரண்டும் 1976-இல், 8080 என்ற ஒரே முன்னோரிலிருந்து பிறந்தவை. 8080-க்கு மூன்று வெவ்வேறு மின்னழுத்தங்கள் வேண்டும். இவை இரண்டுக்கும் 5 வோல்ட் மட்டும் போதும். இன்டெலின் 8085, முகவரியின் கீழ்ப் பாதியையும் தரவையும் ஒரே எட்டுக் கால்களில் மாறி மாறி அனுப்பி, மிச்சமான கால்களை இன்டரப்ட்டுகளுக்கும் தொடர் உள்ளீட்டு வெளியீட்டுக்கும் கொடுத்தது. அதன் விலையாக, முகவரியைப் பிடித்துவைக்க வெளியே ஒரு லாட்ச் சிப் வேண்டும். ஃபெடரிகோ ஃபாஜின் தொடங்கிய சைலாக், இசட்80-இல் அந்தக் கால்களைப் பிரித்தே வைத்து, இரண்டாவது ரெஜிஸ்டர் தொகுதி, இரண்டு இன்டெக்ஸ் ரெஜிஸ்டர்கள், டைனமிக் நினைவகத்தை (அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் தரவை இழந்துவிடும் வகையை) புதுப்பிக்கும் வசதி ஆகியவற்றைச் சேர்த்தது. கடைசியில் சொன்னது கணினி தயாரிப்பாளர்களுக்கு நேரடியாகப் பணம் மிச்சம்.

ஆனால் அந்த வசதிகள் இலவசமல்ல. எச்.எல். வழியாக ஒரு பைட்டை எடுக்க இசட்80-க்கு 7 சுற்றுகள் போதும்; ஐ.எக்ஸ். இன்டெக்ஸ் ரெஜிஸ்டர் வழியாக எடுத்தால் 19. இடத்தை மிச்சப்படுத்த உள்ளே கணக்குப் போடும் பகுதியை 4 பிட் அகலத்தில்தான் வைத்திருந்தார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை, சாவிப்பலகையும் சிறு எண் திரையும் கொண்ட 8085 பயிற்சிப் பலகைகள் கல்லூரி ஆய்வகங்களில் நிறைந்திருப்பதும், பாடப்புத்தகங்கள் அதைச் சுற்றியே எழுதப்பட்டிருப்பதும் காரணம். அதில் எனக்குக் குறை இல்லை. முழுச் செயலியையும் மனத்துக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய அளவில் ஒன்றைக் கற்பது பயனுள்ளது. அதோடு பாடத்தை நிறுத்திவிடுவதுதான் தவறு.

இன்டர்வியூல லிட்டில் எண்டியன், பிக் எண்டியன் கேக்கறாங்க. அதை ஏன் ரெண்டு விதமா வெச்சாங்க?

பல பைட் எண்ணின் கீழ் பைட்டை முதல் முகவரியில் வைத்தால் லிட்டில் எண்டியன். மேல் பைட்டை வைத்தால் பிக் எண்டியன். 8085, 6502, 8086-இன் வழிவந்த எக்ஸ்86 குடும்பம், டெக் நிறுவனத்தின் வேக்ஸ் ஆகியவை முதல் வகை. மோட்டரோலாவின் 68000, சன் நிறுவனத்தின் ஸ்பார்க், இணைய நெறிமுறைகள் ஆகியவை இரண்டாவது வகை.

எட்டு பிட் செயலியில் இதற்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. 6502 ஒரு முகவரியோடு எக்ஸ் ரெஜிஸ்டரைக் கூட்ட வேண்டும் என்றால், கீழ் பைட் முதலில் கைக்கு வருவதால், மேல் பைட்டைப் படித்துக்கொண்டிருக்கும் அதே சுற்றில் கூட்டலை முடித்துவிடுகிறது. மீதி எடுத்துச்செல்ல வேண்டிய சூழலில் மட்டும் ஒரு சுற்று கூடும். 16, 32 பிட் பஸ் (தரவு செல்லும் கம்பித் தொகுதி) வந்தபின் இந்தப் பயன் மறைந்துவிட்டது. வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. நேர்முகத் தேர்வில் இதைச் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

8086-ல செக்மென்ட், ஆஃப்செட்னு ஏன் இவ்வளவு கொடுமை பண்ணியிருக்காங்க?

8086 வெளிவந்த 1978-இல், 16 பிட் முகவரியால் எட்டக்கூடிய 64 கிலோபைட் போதாது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் 32 பிட் ரெஜிஸ்டர்கள் வைக்க டிரான்சிஸ்டர்களும் இல்லை, 40 கால்களில் இடமும் இல்லை. அத்துடன், 8080-க்கு அசெம்பிளியில் (செயலியின் கட்டளைகளையே பெயரிட்டு எழுதும் மொழியில்) எழுதப்பட்ட நிரலை இயந்திரத்தனமாகவே 8086-க்கு மாற்றிவிட முடிய வேண்டும் என்பது இன்டெலின் நிபந்தனை. ஆகவே ரெஜிஸ்டர்கள் 16 பிட்டாகவே இருக்க, செக்மென்ட் ரெஜிஸ்டரை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டி 20 பிட் முகவரி பெறும் வழியைத் தேர்ந்தார்கள். கிடைத்தது 1 மெகாபைட்.

இதன் பக்கவிளைவு, நினைவகத்தின் பெரும்பாலான பைட்டுகளை 4,096 வெவ்வேறு செக்மென்ட்-ஆஃப்செட் ஜோடிகளால் சுட்ட முடியும் என்பது. ஜெயநகரில் மூலை வீட்டுக்கு மெயின் ரோட்டை வைத்து ஒரு முகவரியும் கிராஸை வைத்து இன்னொன்றும் சொல்வது போல. தபால்காரர் சமாளிப்பார், ஆனால் இரண்டு சுட்டிகள் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்று ஒப்பிட வேண்டிய கம்பைலர் திண்டாடும். சி நிரலர்கள் 'நியர்' (ஆஃப்செட் மட்டும்), 'ஃபார்' (செக்மென்ட்டும் சேர்ந்தது) என்று இரண்டு வகைச் சுட்டிகளோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். 1985-இல் வந்த 80386-இன் 32 பிட் முகவரிதான் விடுதலை தந்தது. புகழ்பெற்ற 640 கிலோபைட் வரம்பை மட்டும் 8086-இன் தலையில் கட்டாதீர்கள். 1 மெகாபைட்டின் மேல் பகுதியைத் திரைக்கும் ரோமுக்கும் (படிக்க மட்டுமே முடிந்த நிலையான நினைவகத்துக்கும்) ஒதுக்கிய ஐபிஎம் பிசியின் நினைவக வரைபடத்தால் வந்தது அது.

8086, 8088 ரெண்டுக்கும் ஒரே கட்டளைகள்னா எதுக்கு ரெண்டு சிப்?

முதல் பதிலில் சொன்ன பிரிவினைக்கு இதுவே எளிய சான்று. கட்டமைப்பு ஒன்று, 8088-இன் வெளிப்புறத் தரவு பஸ் மட்டும் 8 பிட். இதனால் வேகம் குறையும், ஆனால் மலிவான எட்டு பிட் துணைச் சிப்புகளோடு பலகையை முடித்துவிடலாம். 1981-இன் ஐபிஎம் பிசி அதைத்தான் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியது.

68000 எவ்வளவு அழகான டிசைன்! அதை விட்டுட்டு உலகமே ஏன் இன்டெல் பின்னாடி போச்சு?

அழகு உண்மைதான். 1979-இல் வந்த 68000-இல் எட்டுத் தரவு ரெஜிஸ்டர்கள், எட்டு முகவரி ரெஜிஸ்டர்கள், அனைத்தும் 32 பிட். செக்மென்ட் தொல்லை இல்லாமல் 16 மெகாபைட் நேரான முகவரி. ஆனால் அதற்கு 64 கால் பொதியுறையும், 8086-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் டிரான்சிஸ்டர்களும் தேவைப்பட்டன. உள்ளே கணக்கிடும் பகுதி 16 பிட்தான் என்பதால், ரெஜிஸ்டர்களுக்கிடையே 16 பிட் கூட்டலுக்கு 4 சுற்றுகள், 32 பிட்டுக்கு 8 சுற்றுகள். அதாவது, எதிர்காலத்துக்கான கட்டமைப்பை வெளியே காட்டி, அன்று கட்டுப்படியான சர்க்யூட்டை உள்ளே வைத்தார்கள். என் மதிப்பீட்டில் அந்தப் பத்தாண்டின் மிகத் தெளிவான தீர்மானம் அது.

குறைகளும் இருந்தன. ஒரு கட்டளையின் நடுவே நினைவகப் பிழை ஏற்பட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரப் போதுமான நிலைத் தகவலை 68000 சேமிக்கவில்லை. எனவே மெய்நிகர் நினைவகத்தை (வட்டில் இருப்பதையும் நினைவகத்தில் இருப்பது போல நிரலுக்குக் காட்டும் முறையை) முறையாக நடத்த 1982-இன் 68010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முகவரியில் 24 பிட்டுகள் மட்டுமே வெளியே வந்ததால், மேல் எட்டு பிட்டுகளில் தங்கள் குறிப்புகளை ஒளித்துவைத்த மெக்கின்டாஷ் நிரல்கள், 32 பிட்டும் வெளிவந்த பிந்தைய செயலிகளில் உடைந்தன.

தோல்வி என்று சொல்வதும் மிகை: மெக்கின்டாஷ், அமீகா, தொடக்ககாலச் சன் பணிநிலையங்கள் எல்லாம் இதன்மேல்தான் நின்றன. ஆனால் ஐபிஎம் பிசியும் அதன் நகல்களும் விற்ற எண்ணிக்கை இன்டெலுக்குக் கொட்டிய பணம், அடுத்தடுத்த சிப்புகளுக்கான உற்பத்திக்கூடங்களாக மாறியது. அங்கே கட்டமைப்பின் அழகுக்கு வேலை இல்லை.

வேக்ஸ்ல பல்லுறுப்புக் கோவையைக் கணக்கிடவே ஒரு கட்டளை இருந்ததாமே, யாருக்கு அது தேவைப்பட்டது?

இருந்தது, 'பாலி' என்று பெயர். 1977-இன் வேக்ஸ்-11/780 உருவானபோது நினைவகம் விலை உயர்ந்தது, மெதுவானது. செயலிக்குள் மைக்ரோகோட் (ஒவ்வொரு கட்டளையையும் நிறைவேற்றும் உள்படிகளின் பட்டியல்) இருந்த ரோம் அதைவிட வேகமானது. ஒரு பெரிய கட்டளையை ஒரு முறை எடுத்துவந்து உள்ளே பல சிறு படிகளாக நிறைவேற்றினால், நிரலும் சிறியதாகும், நினைவகப் பயணமும் குறையும். அசெம்பிளியில் கையால் எழுதுவோருக்கும் வசதி. அந்தக் கணக்கில் பிழையே இல்லை.

கணக்கு மாறியது இரண்டு காரணங்களால். கேஷ் நினைவகம் (செயலிக்கு அருகே உள்ள சிறிய, வேகமான நினைவகம்) பரவலானதும், சாதாரணக் கட்டளைகளும் மைக்ரோகோட் அளவு வேகத்தில் கிடைக்கத் தொடங்கின. கம்பைலர்களோ பெரிய கட்டளைகளைத் தொடாமல், எடு, வை, கூட்டு, தாவு என்ற சிலவற்றையே திரும்பத் திரும்ப உமிழ்ந்தன. ஐபிஎம்மில் ஜான் காக்கின் 801 திட்டம், பெர்க்லியில் டேவிட் பேட்டர்சனின் ரிஸ்க் (எளிய கட்டளைகள் மட்டும் கொண்ட கணினி), ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னசியின் மிப்ஸ் ஆகிய மூன்றும் இந்த அவதானிப்பிலிருந்து கிளம்பியவை. 1982-இன் ரிஸ்க்-I சிப்பில் 31 கட்டளைகள்தான்.

அப்போ ரிஸ்க்னா கட்டளை எண்ணிக்கை குறைவு, பைப்லைன் இருக்கும். வேக்ஸ் மாதிரி சிக்கலான கட்டளை வெச்ச சிஸ்க்னா நிறைய, பைப்லைன் இருக்காது. சரிதானே?

பரீட்சைக்கு எழுதலாம், நம்ப வேண்டாம். 1989-இன் 80486, எக்ஸ்86 கட்டளைகளையே ஐந்து நிலைப் பைப்லைனில் (ஒரு கட்டளை முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கும் வரிசையில்) ஓட்டியது. எண்ணிக்கையும் அளவுகோல் அல்ல; 6502-இல் 56 கட்டளைகள்தான், அதை யாரும் ரிஸ்க் என்பதில்லை.

நான் பயன்படுத்தும் சோதனை வேறு. கட்டளைகளின் நீளம் ஒரே அளவா? கணக்குக் கட்டளைகள் ரெஜிஸ்டர்களை மட்டும் தொட்டு, நினைவகத்தைத் தொடும் வேலையைத் தனிக் கட்டளைகளிடம் விட்டுவிடுகின்றனவா? ஒரு கட்டளை அதிகபட்சம் ஒரு நினைவகப் பிழையைத்தான் உண்டாக்க முடியுமா? கடைசிக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது மேலே சொன்ன 68000-இன் கதையிலிருந்தே புரியும்.

டிலே ஸ்லாட், ரெஜிஸ்டர் விண்டோ ரெண்டும் அப்போ பெரிய கண்டுபிடிப்பு. இப்போ ஏன் யாரும் வைக்கறதில்லை?

இரண்டுமே ஒரு குறிப்பிட்ட சிப்பின் உள்ளமைப்பைக் கட்டமைப்புக்குள் எழுதிவைத்ததால் வந்த வினை. முதல் மிப்ஸ் பைப்லைனில், தாவும் கட்டளையின் இலக்கு தெரிவதற்குள் அடுத்த கட்டளை உள்ளே வந்துவிடும். அதைத் தூக்கி எறியாமல், 'அடுத்த கட்டளை எப்படியும் நிறைவேறும்' என்று விதியாக்கினார்கள். அந்த இடம்தான் டிலே ஸ்லாட். அதில் பயனுள்ளதை நிரப்புவது கம்பைலரின் பொறுப்பு. அந்தச் சிப்புக்கு அது அருமையான பேரம். 1991-இல் ஆர்4000-இன் பைப்லைன் நீண்டபோது, தாவலின் தாமதம் ஒரு கட்டளையைத் தாண்டிவிட்டது. விதியால் வந்த பயன் சுருங்கியது. விதியை நிறைவேற்றும் சுமை மட்டும் அப்படியே நின்றது.

ரெஜிஸ்டர் விண்டோ பெர்க்லியிலிருந்து ஸ்பார்க்குக்குப் போனது. ஒரு செயல்கூறு இன்னொன்றை அழைக்கும்போது ரெஜிஸ்டர்களை நினைவகத்தில் சேமிக்காமல், பெரிய தொகுதி ஒன்றில் ஜன்னலை நகர்த்திவிடுவது. அழைப்புகள் ஆழமாகி ஜன்னல்கள் தீர்ந்தால் மொத்தமாகக் கொட்ட வேண்டும். ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் அதே செலவு. ஸ்டான்ஃபோர்டு குழுவிடம் ரெஜிஸ்டர்களைத் திறமையாகப் பங்கிடும் கம்பைலர் இருந்ததால் அவர்களுக்கு ஜன்னல் தேவைப்படவில்லை. வன்பொருளா மென்பொருளா என்ற வழக்கில் மென்பொருள் ஜெயித்த இடம் இது.

ஆர்ம் ஆரம்பத்திலேயே மொபைலுக்காகக் கரண்ட் மிச்சம் பண்ற மாதிரி டிசைன் பண்ணினதுதானே?

இல்லை. இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் பிபிசி மைக்ரோவுக்கு அடுத்த மேசைக் கணினிக்காகச் செய்தது அது. சோஃபி வில்சன் கட்டளைத் தொகுதியை வகுக்க, ஸ்டீவ் ஃபர்பர் சிப்பை வடிவமைத்தார். முதல் சிப் 1985 ஏப்ரல் 26 அன்று ஓடியது. ஏறத்தாழ 25,000 டிரான்சிஸ்டர்கள், அதாவது 8086-ஐவிடக் குறைவு. விலை உயர்ந்த பீங்கான் பொதியுறையைத் தவிர்த்துப் பிளாஸ்டிக்கில் அடைக்க, சூடு ஒரு வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். கையில் நல்ல அளவீட்டுக் கருவி இல்லாததால் மிகுந்த எச்சரிக்கையோடு வடிவமைத்து, இலக்கைவிட வெகு கீழே போய்விட்டார்கள். சோதனைப் பலகையில் மின்னிணைப்பே கொடுக்காமல், மற்றக் கால்கள் வழியே கசிந்த மின்சாரத்தில் முதல் சிப் ஓடிய கதையை ஃபர்பர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதன் பேரங்களும் 6502-ஐ அறிந்தவர்களின் பேரங்கள்: மைக்ரோகோட் இல்லை, தொடக்கத்தில் கேஷும் இல்லை, நினைவகத்தின் வேகத்தை முழுக்க உறிஞ்சுவதே நோக்கம், இன்டரப்ட்டுக்கு உடனடி விடை. ஒவ்வொரு கட்டளையிலும் நான்கு பிட்டுகளை நிபந்தனைக்கு ஒதுக்கிக் குட்டித் தாவல்களைத் தவிர்த்தார்கள். நிரல் எண்ணியையும் (அடுத்த கட்டளையின் முகவரியையும்) கொடிகளையும் ஒரே ரெஜிஸ்டரில் அடைத்ததால் முகவரி 26 பிட்டில் நின்றது. பின்னால் அதைப் பிரிக்க வேண்டியதாயிற்று. கைபேசிகள் வந்தபோது 32 பிட் கட்டளைகள் அதிக நினைவகத்தைத் தின்றன. 1990-களின் நடுவில் 'தம்ப்' என்ற 16 பிட் வடிவம் வந்தது. நினைவகத்தின் விலை என்ற பழைய கட்டுப்பாடு வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

டெக் ஆல்ஃபாதான் வேகத்துல ராஜான்னு சொல்வாங்க. அதுல பைட்டைப் படிக்கவே கட்டளை இல்லையாமே?

1992-இன் முதல் ஆல்ஃபாவில் இல்லை. 32, 64 பிட் அளவுகளில் எடுத்து, வேண்டிய பைட்டைத் தனிக் கட்டளைகளால் பிரித்துக்கொள்ள வேண்டும். நினைவகப் பாதையை எளிமையாக்கிக் கடிகார வேகத்தைக் கூட்டுவதற்கான துறவு அது. எழுத்துகளையும் சாதன ரெஜிஸ்டர்களையும் கையாளும் நிரல்கள் அவதிப்பட்டதால், 1996 வாக்கில் பைட் கட்டளைகளைச் சேர்த்தார்கள். சிக்கனம் எல்லை மீறிய உதாரணமாக வகுப்பில் இதைத்தான் காட்டுகிறேன்.

இப்போதைய இன்டெல் சிப்புக்குள்ள இருக்கிறது ரிஸ்க்தான்னு சொல்றாங்களே, அப்போ ரிஸ்க் ஜெயிச்சிடுச்சா?

1995-இன் பென்டியம் புரோ முதல், எக்ஸ்86 கட்டளைகள் உள்ளே சிறு செயல்களாக உடைக்கப்பட்டு வரிசை மாற்றி நிறைவேற்றப்படுகின்றன என்பது சரி. அது உள்ளமைப்பு, வெளியே தெரியும் கட்டமைப்பு மாறவில்லை. மாறிய நீளமுள்ள கட்டளைகளைப் பிரித்தறியும் டீகோடருக்கான செலவு 29,000 டிரான்சிஸ்டர் காலத்தில் பெரும் சுமை. 55 லட்சம் டிரான்சிஸ்டர் கொண்ட பென்டியம் புரோவில் அதைத் தாங்க முடிந்தது. மின்சாரத்தை எண்ணிச் செலவழிக்கும் சிறு சாதனங்களில் அந்தச் சுமை மீண்டும் உறுத்துகிறது. யார் ஜெயித்தார் என்பதற்கு இதற்கு மேல் விடை இல்லை.

ரொம்ப நல்ல ஐடியா இருந்தும் படுத்துப்போன ப்ராசஸர் ஏதாவது உண்டா?

இன்டெலின் ஐஏபிஎக்ஸ் 432, 1981. பொருள்நோக்கு நிரலாக்கம், நினைவகப் பாதுகாப்பு, குப்பை சேகரிப்புக்கான (பயன்படாமல் கிடக்கும் நினைவகத்தை மீட்பதற்கான) உதவி ஆகியவற்றை வன்பொருளிலேயே வைக்க முயன்றார்கள். கட்டளைகள் பைட் எல்லையைக்கூட மதிக்காமல் 6 பிட்டிலிருந்து 321 பிட் வரை நீண்டன. பொதுச் செயலியே இரண்டு சிப்புகளாகப் பிரிந்தது. சமகாலத்து 80286-இடம் வேகத்தில் படுதோல்வி.

விண்வெளிக்கு ஏன் இந்தக் கிழட்டுச் சிப்புகளையே அனுப்பறாங்க?

கதிர்வீச்சைத் தாங்கும் தயாரிப்பு முறையும், நீண்ட காலச் சோதனைத் தகவலும் அவற்றுக்குத்தான் உண்டு. சிறு டிரான்சிஸ்டர்களை ஒரு துகள் எளிதில் புரட்டிவிடும். வியாழனுக்குச் சென்ற கலிலியோ கலத்தில் ஆர்சிஏ 1802. 1997-இல் செவ்வாயில் உருண்ட சோஜர்னர் ஊர்தியில், உங்கள் ஆய்வகத்து 8085-இன் சீமாஸ் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் தயாரிப்பு முறை) வடிவம். ஹபிள் தொலைநோக்கியின் கணினியை 1999-இல் மாற்றியபோது வைத்தது 80486.

எஸ்.பி. ரோட்டுல பழைய சிப் வாங்கி பிரெட்போர்டுல ஓட்டிப் பார்க்கணும். எதை வாங்கலாம்?

கடிகாரத்தை ஒவ்வொரு துடிப்பாகக் கையால் தட்டிப் பார்க்க ஆசை இருந்தால், சீமாஸ் வடிவங்களை வாங்குங்கள். பழைய என்மாஸ் 6502-இன் கடிகாரத்தை நிறுத்தினால் உள்ளே இருக்கும் மதிப்புகள் கரைந்துவிடும். 65சி02-ஐ எவ்வளவு நேரமும் நிறுத்தலாம், அது இன்றும் புதிதாகத் தயாராகிறது. இசட்80 வரிசைக்குச் சைலாக் 2024-இல் கடைசி ஆர்டர்களை வாங்கிக்கொண்டு நிறுத்திவிட்டது. அச்சை அழித்து வேறு எண் பொறித்த சிப்புகள் புழங்குவதால், மேற்பரப்பை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள். எழுத்து கரைந்தால் சந்தேகப்படுங்கள்.

இதெல்லாம் பழங்கதை. சக்தி, ரிஸ்க்-வில வேலை செய்யப் போற எனக்கு இதுல என்ன இருக்கு?

ரிஸ்க்-வி என்ற கட்டளைத் தொகுதி 2010-இல் பெர்க்லியில் தொடங்கியது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. அதன் ஆவணத்தை இந்தப் பக்கத்தின் கண்ணோட்டத்தில் படியுங்கள். டிலே ஸ்லாட் இல்லை, ரெஜிஸ்டர் விண்டோ இல்லை. காரணம் மேலே சொன்னவை. ஆல்ஃபா பட்ட பாட்டுக்குப் பின், பைட் கட்டளைகள் அடிப்படைத் தொகுதியிலேயே உண்டு. தம்ப் கற்றுத்தந்த பாடம், 16 பிட் சுருக்கக் கட்டளைகளாகச் சேர்ந்திருக்கிறது. எப்போதும் பூஜ்யமாக இருக்கும் ரெஜிஸ்டர் மிப்ஸிலும் இருந்ததுதான்.

கொடி ரெஜிஸ்டரை அவர்கள் வைக்காததுதான் விவாதத்துக்குரியது. எல்லாக் கட்டளைகளும் ஒரே கொடியை எழுதினால், வரிசை மாற்றி நிறைவேற்றும் செயலியில் அதுவே இடறுகல்லாகும் என்பது வாதம். தாவும் கட்டளைகள் இரண்டு ரெஜிஸ்டர்களை நேரடியாக ஒப்பிட்டுக்கொள்கின்றன. விலை எங்கே என்றால், ஒரு ரெஜிஸ்டரில் அடங்காத பெரிய எண்களைக் கூட்டும்போது. 8085 கேரியோடு கூட்ட ஒரு கட்டளை வைத்திருக்கிறது; ரிஸ்க்-வியில் கூட்டி, விடை கூட்டப்பட்ட எண்ணைவிடச் சிறிதாகிவிட்டதா என்று ஒப்பிட்டு, அந்த ஒன்றைத் தனியாக அடுத்த சொல்லில் சேர்க்க வேண்டும். பெரிய எண்களைப் புழங்கும் மறையாக்க நிரல் எழுதுபவர்கள் இதைப் பற்றிக் குறைபடுவதில் நியாயம் உண்டு.